கண்டதும் கணித்ததும்: சிறுகோள்களை அளந்த வரலாறு

வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என்னும் இரண்டு பெயர்களும் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதியன அல்ல. தில்லியில் வாழ்பவராயினும், மும்பையில் வாழ்பவராயினும், ஊரிலிருந்து பஞ்சாங்கம் வரவழைக்கும் வழக்கமுடைய அன்பர்கள், கிரகப் பெயர்ச்சி இவ்விரண்டிலும் வெவ்வேறு நாட்களில் குறிக்கப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பார்கள். எது சரி என்ற விவாதமும் வீட்டுத் திண்ணைகளில் நடந்திருக்கும். திருக்கணிதம் என்ற சொல்லில் உள்ள ‘திருக்’ என்பது ‘த்ருக்’ என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். பார்வை என்பது அதன் பொருள். கணக்கு எவ்வளவு பழமையானதாயினும், வானத்திற் கண்ணால் கண்டதோடு அது பொருந்த வேண்டும். பொருந்தாவிடில் கணக்கைத் திருத்த வேண்டும் என்பதே அதன் கொள்கை.

இக்கொள்கை எவ்வளவு கடினமானது என்பதை அறிய விரும்புவோர் சிறுகோள்களின் வரலாற்றைப் படிக்க வேண்டும். இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றில் இத்தாலியும் ஜெர்மனியும் இடம்பெறுகின்றன. நம் சென்னை நுங்கம்பாக்கமும், ஐதராபாத்தும், வட ஆர்க்காட்டு மலைப்புறமும், லடாக்கின் உச்சியும் அதில் இடம்பெறுகின்றன.

முதலில் சிறுகோள் என்பது யாது எனக் காண்போம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட பெருவெளியில், கதிரவனைச் சுற்றி எண்ணற்ற பாறைக் கோள்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. சில நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் குறுக்களவுடையவை. மிகப் பல ஒரு குன்றின் அளவே உடையவை. சில தம் பாதை விலகிப் பூமியின் அருகேயும் வந்து செல்கின்றன. தொலைநோக்கி வழியே பார்த்தாலும் இவை வட்டமாகத் தெரிவதில்லை; சாதாரண விண்மீனைப் போல ஒரு புள்ளியாகவே தெரிகின்றன. விண்மீனிலிருந்து இவற்றைப் பிரித்துக் காட்டுவது இவற்றின் நகர்வு ஒன்றே. விண்மீன்கள் தமக்குள் இடம் மாறாதிருக்க, சிறுகோள் மட்டும் மணிக்கு ஏறத்தாழ 30 முதல் 40 விகலை வரை நகர்கிறது.

விகலை என்ற சொல்லும் பஞ்சாங்கக் கணிதத்திற்கு உரியதே. வட்டத்தை 360 பாகையாகவும், ஒரு பாகையை 60 கலையாகவும், ஒரு கலையை 60 விகலையாகவும் பகுப்பர். முழுநிலவின் குறுக்களவு சுமார் அரைப்பாகை, அதாவது 1,800 விகலை. இரண்டு கிலோமீட்டர் தொலைவில் வைத்த ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள பொருள் நம் கண்ணுக்குக் காட்டும் கோணம் ஏறத்தாழ ஒரு விகலையாகும். இத்தகைய ஒரு விகலைக்காகவும், அதன் பகுதிக்காகவும் இரவெல்லாம் விழித்திருந்தவர்களின் கதையே இது.

1801ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இரவு, சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரில், பியாத்சி என்னும் துறவியார் விண்மீன் அட்டவணை ஒன்றுக்காக வானத்தை அளந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு விண்மீனையும் ஒருமுறை அளந்ததோடு நிறுத்தாமல், அடுத்த இரவுகளிலும் மீண்டும் அளப்பது அவர் வழக்கம். முதல் நாள் அளந்த ஒரு புள்ளி மறுநாள் இடம் மாறியிருந்தது. அதற்கு மறுநாளும் மாறியிருந்தது. கண்ணின் பிழையன்று, அது ஒரு புதிய கோள் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. சீரீஸ் என்று அதற்குப் பெயரிட்டார். முதலிற் காணப்பட்ட சிறுகோள் அதுவே.

பிப்ரவரி 11ஆம் நாள் வரை, 41 நாட்களுள் 24 இரவுகளில் பியாத்சி அதை அளந்தார். பின்பு நோய்வாய்ப்பட்டார். சீரீஸும் கதிரவன் ஒளியை நெருங்கி மறைந்துவிட்டது. சில மாதம் கழித்து அது மறுபடி இரவு வானத்தில் தோன்ற வேண்டிய காலம் வந்தபோது, அதைக் காணோம். எங்கே தேடுவது? அது கதிரவனைச் சுற்றி வருவதற்கு ஆண்டுகள் சில ஆகும். அந்த நீண்ட பாதையில் பியாத்சி அளந்தது சிறு துண்டே. அந்தத் துண்டைக் கொண்டு முழுப் பாதையையும் கணிக்கும் வழி அக்கால வானியலார்க்குத் தெரியவில்லை.

அப்போது 24 வயதினரான காஸ் என்னும் ஜெர்மானியக் கணித மேதை இச்சிக்கலை எடுத்துக்கொண்டார். பியாத்சியின் அளவுகளை மட்டும் கொண்டு, புதிய முறை ஒன்றால் கோளின் பாதையைக் கணித்துக் கொடுத்தார். அவர் காட்டிய பகுதியிலேயே, 1801 டிசம்பர் 31ஆம் நாள் வான் சாக் என்பவர் சீரீஸைக் கண்டார். மறுநாள் இரவு ஓல்பர்ஸ் என்பவரும் கண்டார். கண்டுபிடித்து ஓர் ஆண்டு நிறைவதற்குள் அக்கோள் மீட்கப்பட்டது.

காஸின் மேதைமை உலகறிந்தது. அந்த மேதைமைக்கு அடிமண் இட்டது பியாத்சியின் 24 இரவு அளவுகளே என்பதையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும். அவர் ‘ஒரு புதிய கோளைக் கண்டேன்’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தால், அந்தக் கோள் மீண்டும் கிடைத்திருக்குமா? சிறுகோளைப் பொறுத்தவரை, கண்டவர் அதை உடையவராகிவிடுவதில்லை. அதன் இடத்தைத் துல்லியமாக அளந்து, பிறர் கையில் கொடுப்பவரே அதை உலகுக்கு உரியதாக்குகிறார்.

இடத்தை அளப்பது என்பதில் மூன்று செய்திகள் அடங்கும். விண்மீன்களுக்கிடையே கோள் நின்ற இடம் ஒன்று. அப்போதைய நேரம் இரண்டு. பார்த்தவர் நின்ற ஊர் மூன்று. கோள் பூமிக்கு அருகில் வரும்போது, சென்னையிலிருந்து பார்ப்பவருக்கும் இலண்டனிலிருந்து பார்ப்பவருக்கும் அது வேறு வேறு இடத்தில் தெரியும். ஆகையால் ஊரின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் துல்லியமாகத் தெரியாவிடில், மற்ற இரண்டும் இருந்தும் பயன் குறைவு. மேலும், ஒப்பிடுவதற்குரிய விண்மீன்களின் இடம் முன்னமே அளக்கப்பட்டிருத்தல் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே அமைந்த ஆசிய நகரங்களில் சென்னை முன்னணியில் நின்றது. அது எவ்வாறு நேர்ந்தது என்பதைச் சற்று விரிவாகக் கூறுதல் தகும்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலரான வில்லியம் பெட்ரி என்பவர் 1786இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு வானாய்வு நிலையம் வைத்திருந்தார். அக்கருவிகள் பின்னர்க் கம்பெனிக்கு வந்தன. மைக்கேல் டாப்பிங் என்பவரின் திட்டப்படி 1792இல் நுங்கம்பாக்கத்தில் புதிய நிலையம் எழுந்தது. கருவி அசையாதிருக்க, ஏறத்தாழ 10 டன் எடையுள்ள கருங்கல் தூண் ஒன்றை நாட்டினர். நிலையம் எழுப்பப்பட்ட செய்தியைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் அங்கே பொறித்தும் வைத்தனர். கப்பற் போக்குவரத்துக்கும் நில அளவைக்கும் உதவுவதே இந்நிலையத்தின் முதல் நோக்கம். அங்கே ஜான் கோல்டிங்காம் முதலியோர் சென்னையின் தீர்க்கரேகையை அளந்து நிலைநாட்டினர். 1802இல் பரங்கிமலை அருகே லாம்டன் தொடங்கிய பெரும் நில அளவைக்கு அதுவே அடிப்படையாயிற்று. இந்திய இரயில்கள் நெடுங்காலம் ஓடியதும், 1906இல் இந்தியப் பொது நேரம் வரும் வரை, சென்னை நேரத்தைக் கொண்டே. இன்று நெடுந்தூர இரயில்களில் ஊருக்குப் பயணம் செய்யும் நேயர்கள், ஒரு காலத்தில் அவற்றின் கடிகாரத்தை நுங்கம்பாக்கத்து விண்மீன்கள் நடத்தின என்பதை அறிந்தால் மகிழ்வர்.

1830இல் இங்கு வந்த டி. ஜி. டெய்லர் என்பவர் விண்மீன்களை முறையாக அளக்கத் தொடங்கினார். அவர் 1844இல் வெளியிட்ட அட்டவணையில் 11,015 விண்மீன்களின் இடங்கள் இடம்பெற்றன. ஐரோப்பாவின் வானாய்வாளர்கள் தங்கள் வானத்தில் எழாத தென்திசை விண்மீன்களுக்கு இந்தச் சென்னை அட்டவணையை நாடினர். ஊர் அளக்கப்பட்டுவிட்டது, நேரம் அளக்கப்பட்டுவிட்டது, விண்மீன்களும் அளக்கப்பட்டுவிட்டன. அலைந்து திரியும் கோள்களைப் பிடிப்பதற்கு வலை ஆயத்தமாயிற்று.

1861இல் நார்மன் ராபர்ட் போக்சன் சென்னை நிலையத்தின் தலைமையை ஏற்றார். அதற்கு முன்பே இங்கிலாந்தில் மூன்று சிறுகோள்களைக் கண்டு பெயர் பெற்றவர் அவர். விண்மீன்களின் ஒளிப்படிகளுக்கு ஐந்து படி என்றால் நூறு மடங்கு என்ற விகிதத்தை 1856இல் வகுத்தவரும் அவரே. அந்த விகிதமே இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. சென்னைக்கு வந்த சில வாரங்களிலேயே, 1861 ஏப்ரல் 17ஆம் நாள், அவர் ஒரு புதிய சிறுகோளைக் கண்டார். வரிசையில் அது 67ஆவது. ஆசியக் கண்டத்திலிருந்து முதலிற் கண்டறியப்பட்டதாதலின் அதற்கு ‘ஆசியா’ என்றே பெயரிட்டார்.

இக்காலத்து நேயர்கள் இதை எளிய செயல் என எண்ணுதல் கூடாது. அக்காலத்தில் நிழற்படத் தகடு சிறுகோள் வேட்டைக்குப் பயன்படவில்லை. வானத்தின் ஒரு சிறு பகுதியிலுள்ள விண்மீன்களை எல்லாம் கையால் படமாக வரைந்து வைத்துக்கொண்டு, இரவுதோறும் அந்தப் படத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். படத்தில் இல்லாத புள்ளி ஒன்று தென்பட்டால், அது கோளோ, ஒளி மாறும் விண்மீனோ, வரைந்தவர் விட்ட பிழையோ என்ற ஐயம் எழும். சில மணி நேரம் காத்திருந்து, நகர்கிறதா என்று பார்த்தே முடிவு செய்வர்.

பின்னர் அளவை தொடங்கும். தொலைநோக்கியின் பார்வைக் குழாயில் மிக மெல்லிய இழைகள் பூட்டப்பட்டிருக்கும்; சிலந்தி நூலையே பலர் இதற்குப் பயன்படுத்தினர். தொலைநோக்கியை அசையாமல் நிறுத்திவிட்டால், பூமி சுழல்வதனால் விண்மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக இழையைக் கடந்து செல்லும். இடம் தெரிந்த ஒரு விண்மீன் இழையைத் தொட்ட நேரத்தையும், கோள் தொட்ட நேரத்தையும் கடிகாரத்தின் ‘டிக்’ ஒலியைக் காதாற் கேட்டுக்கொண்டே குறிப்பர். அந்த நேர வேறுபாடு கிழக்கு மேற்கு இடைவெளியைத் தரும். நேரத்தில் ஒரு விநாடி தவறினால் இடத்தில் சுமார் 15 விகலை தவறிவிடும். ஆகவே விநாடியைப் பத்தாகப் பகுத்துணரும் பயிற்சி வேண்டும். வடக்கு தெற்கு இடைவெளியை, நுண்ணிய திருகு ஒன்றால் இழையை நகர்த்தி, திருகு சுற்றிய அளவைக் கொண்டு அறிவர்.

அருகிலுள்ள விண்மீனோடு ஒப்பிடுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. வானத்து ஒளி நம் காற்று மண்டலத்திற்குள் நுழையும்போது சற்றே வளைகிறது. தொடுவானத்தின் அருகே இந்த வளைவு அரைப்பாகையையும் தாண்டும். ஆனால் கோளும் விண்மீனும் அருகருகே இருந்தால் இரண்டின் ஒளியும் ஏறத்தாழ ஒரே அளவு வளையும். இரண்டிற்கும் இடைப்பட்ட தூரம் பெரிதும் கெடாது. ஆகவே அளவையின் செம்மை, ஒப்பிடும் விண்மீனின் இடம் எவ்வளவு செம்மையாக அளக்கப்பட்டதோ அதைப் பொறுத்ததே. முன்னவர் செய்த அட்டவணையின் பிழை, பின்னவர் அளந்த கோளின் இடத்தில் வந்து சேரும்.

ஆசியாவைத் தொடர்ந்து, சென்னையில் போக்சன் 1864இல் சாஃபோ, 1866இல் சில்வியா, 1868இல் கமில்லா, 1885இல் வேரா ஆகிய சிறுகோள்களைக் கண்டார். இவ்வாறு நுங்கம்பாக்கத்திலிருந்து உலகுக்குக் கிடைத்த கோள்கள் ஐந்து.

இவற்றுள் சாஃபோவின் வரலாறு தனிச்சிறப்புடையது. பூமிக்கும் கதிரவனுக்கும் உள்ள தூரத்தை அறிவதே பத்தொன்பதாம் நூற்றாண்டு வானியலின் பெரும் வினாவாக இருந்தது. அருகே வரும் சிறுகோள் ஒன்றைப் பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து அளந்தால், அது தோன்றும் இடம் சற்றே மாறும். அந்த மாற்றத்திலிருந்து அதன் தூரத்தைக் கணிக்கலாம். ஒரு கோளின் தூரம் தெரிந்தால், கெப்ளர் வகுத்த விதியைக் கொண்டு கதிரவனின் தூரமும் தெரிந்துவிடும். வட்டமாகத் தெரியும் செவ்வாயைக் காட்டிலும் புள்ளியாகத் தெரியும் சிறுகோளின் இடத்தைச் செம்மையாக அளக்கலாம் என்பதைத் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் இருந்த டேவிட் கில் உணர்ந்தார். 1888, 1889ஆம் ஆண்டுகளில், பல நாட்டு நிலையங்களின் துணையோடு, விக்டோரியா, ஐரிஸ், சாஃபோ என்னும் மூன்று கோள்களை அவர் அளந்தார். அவ்வாய்விற் கிடைத்த 8.80 விகலை என்னும் கதிரவ இடமாறு கோணம், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைத் தாண்டியும் உலகப் பஞ்சாங்கங்களில் வழங்கியது. சென்னையிற் கண்டெடுத்த ஒரு புள்ளி, கதிரவனின் தூரத்தை அளக்கும் கோலாகப் பயன்பட்டது.

சென்னை நிலையத்தின் பணியைப் போக்சன் தனியே செய்யவில்லை. அவருக்கு முன்பே அங்கு பணியிற் சேர்ந்து, முதல் உதவியாளராக உயர்ந்தவர் சிந்தாமணி ரகுநாதாசாரி. 1867இல் அவர் ரெட்டிக்குலம் என்னும் தென்வான விண்மீன் குழுவில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். ஐரோப்பிய நிலையங்களின் வானத்தில் எழாத பகுதி அது. இக்கால வானியலில் இந்தியர் ஒருவர் பெயரிற் பதிவான முதற் கண்டுபிடிப்பாக அது போற்றப்படுகிறது. 1872இல் அவர் இலண்டன் அரச வானியற் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. 1874 டிசம்பரில் வெள்ளி கதிரவனைக் கடந்து செல்லவிருந்தபோது, பொதுமக்களுக்கு அதை விளக்கும் சிறு நூலை இந்திய மொழிகள் பலவற்றில் வெளியிட்டார்.

ரகுநாதாசாரியைப் பற்றிக் கூறும்போது பஞ்சாங்கத்தை விட்டுவிட முடியாது. இரவில் தொலைநோக்கியருகே நின்று கோளின் இடத்தை விகலைக் கணக்கில் அளந்த அவர், பகலில் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்தபோது, அதிற் கண்ட இடத்திற்கும் தாம் கண்ட இடத்திற்கும் பெரும் வேறுபாடு இருப்பதை உணர்ந்தார். மரபைத் தள்ளிவிட வேண்டும் என்று அவர் கூறவில்லை. மரபின் கணக்கை வானம் காட்டும் உண்மையால் திருத்த வேண்டும் என்றே வாதிட்டார். திருக்கணித முறையிற் பஞ்சாங்கம் வெளிவரவும் பாடுபட்டார். அவர் 1880இல் மறைந்தார். அவர் எழுப்பிய வினா நம் வீடுகளில் இன்றும் ஒலிக்கிறது.

கணக்குப் பணியில் போக்சனின் மகள் ஐசிஸ் போக்சனின் பங்கும் பெரிது. 1873 முதல் சென்னை நிலையத்தில் அவர் கணிப்பாளராகப் பணியாற்றினார். அளந்த எண்களைத் திருத்திப் பயனுள்ளதாக்கும் நீண்ட கணக்குகள் அவரைப் போன்றோரின் கையில் இருந்தன. 1886இல் அரச வானியற் கழகத்திற்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டும், பெண் என்பதனால் அது ஏற்கப்படவில்லை. 1920இல்தான் அவர் அக்கழகத்தில் உறுப்பினரானார்.

போக்சனின் வரலாற்றில் ஒரு குறையும் உண்டு. சென்னையின் நுண்கருவியால் 1862 முதல் 1887 வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் அளக்கப்பட்டன. ஆனால் அந்த அளவுகளுட் பெரும்பகுதி அச்சேறாமலே கிடந்தது. 1891இல் போக்சன் மறைந்த பின்னர், அடுத்து வந்த மிச்சி சுமித் அவற்றைத் தொகுத்து வெளியிட்டார். அதற்குள் பல ஆண்டுகள் கழிந்துவிட்டன. பேரேட்டில் உறங்கும் அளவை, அளக்கப்பட்டும் அளக்கப்படாததாகவே இருக்கும். இரவுதோறும் கண் விழித்த உதவியாளர்களின் உழைப்பு உரிய காலத்தில் உலகுக்குப் பயன்படவில்லை என்பது வருந்தத்தக்கதே.

போக்சன் மறைந்த அதே 1891இல், டிசம்பர் மாதம், ஜெர்மனியின் ஐடல்பெர்க் நகரில் மாக்ஸ் வோல்ஃப் என்பவர் நிழற்படத்தின் துணையால் ஒரு சிறுகோளைக் கண்டார். விண்மீன்களைத் தொடர்ந்து செல்லுமாறு தொலைநோக்கியை இயக்கி, நீண்ட நேரம் தகட்டில் ஒளியை விழச் செய்தால், விண்மீன்கள் புள்ளிகளாகவும், நகரும் கோள் ஒரு சிறு கோடாகவும் பதியும். கையால் படம் வரைந்த காலம் அத்துடன் முடிந்தது. அளவையும் இரவிலிருந்து பகலுக்கு மாறியது. தகட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அமைதியாக, வேண்டுமளவு முறை அளக்கலாம்.

தகட்டிலும் ஒப்பிட விண்மீன்கள் வேண்டுமல்லவா? அதற்காகப் பல நாட்டு நிலையங்கள் கூடி, 1887இல் பாரிஸ் நகரில், வானம் முழுவதையும் படமெடுத்து அளக்கும் பெருந்திட்டம் ஒன்றை வகுத்தன. வானத்தைப் பட்டைகளாகப் பங்கிட்டுக்கொண்டனர். இந்தியாவின் சார்பில் இதிற் பங்கேற்றது ஐதராபாத்தின் நிசாமியா வானாய்வு நிலையம். தென்வானில் 17 பாகை முதல் 23 பாகை வரையுள்ள பட்டை அதன் பொறுப்பாயிற்று. பின்னாளில் வடவானின் ஒரு பகுதியையும் அது ஏற்றுக்கொண்டது. இலட்சக்கணக்கான விண்மீன்களின் இடங்களைப் பல ஆண்டுகள் உழைத்து அளந்து, தொகுதி தொகுதியாக வெளியிட்டது. ஐதராபாத்தில் வாழும் நம் அன்பர்கள் பேகம்பேட்டைப் பகுதியைக் கடக்கும்போது, இப்பெரும்பணி அங்கே நடந்தது என்பதை நினைவு கூரலாம். இந்நிலையத்திற் பணியாற்றிய ஒருவரின் மகனாக வளர்ந்தவரே பின்னாளில் புகழ்பெற்ற வானியலறிஞர் வைணு பாப்பு.

தகடு வந்த பின்னும் கோள்கள் தொலைந்துபோவது நிற்கவில்லை. 1911இல் வியன்னாவில் பலிசா என்பவர் கண்ட ஆல்பர்ட் என்னும் சிறுகோள், சில இரவுகள் மட்டுமே அளக்கப்பட்டுப் பின் மறைந்தது. போதிய அளவுகள் இல்லாமையால் அதன் பாதையைத் திடமாகக் கணிக்க இயலவில்லை. எண்ணும் பெயரும் பெற்ற அக்கோள் மீண்டும் கிடைத்தது 2000ஆம் ஆண்டில். 89 ஆண்டுகள் அது தொலைந்த கோளாகவே இருந்தது. சீரீஸைக் காப்பாற்றிய 24 இரவுகளின் அருமை இதனால் நன்கு விளங்கும்.

வேராவுக்குப் பின் இந்திய மண்ணிலிருந்து நூறாண்டுகளுக்கு மேலாகப் புதிய சிறுகோள் எதுவும் கண்டறியப்படவில்லை. 1899இல் வானாய்வுப் பணி கொடைக்கானலுக்குச் சென்று, கதிரவனையே பெரிதும் நோக்கலாயிற்று. பின்னர் வைணு பாப்புவின் முயற்சியால் சவ்வாது மலைப் பகுதியிலுள்ள காவலூரில் புதிய நிலையம் அமைந்தது. அங்கே ராஜமோகன் என்னும் வானியலறிஞர் ஷ்மிட் வகைத் தொலைநோக்கியைக் கொண்டு சிறுகோள்களைத் தேடினார். 1988 பிப்ரவரியில் அவர் கண்ட கோளுக்கு 4130 என்ற எண்ணும், கணித மேதை இராமானுஜனின் பெயரும் சூட்டப்பட்டன.

இன்று தகடும் மறைந்துவிட்டது. ஒளியை மின்னாக மாற்றும் சிலிக்கான் சில்லு அதன் இடத்தில் அமர்ந்திருக்கிறது. சில்லில் விழுந்த கோளின் ஒளி பல சிறு கட்டங்களிற் பரவும். அப்பரவலின் நடுமையத்தைக் கணிப்பொறி கண்டறிந்து, சுற்றியுள்ள விண்மீன்களின் மையங்களோடு ஒப்பிடுகிறது. ஐரோப்பியர் 2013இல் ஏவிய கையா என்னும் விண்கலம் 2025 வரை வானிலிருந்து, நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்களை அளந்து தந்தது. அந்த அட்டவணை நிலத்திலுள்ள சிறு தொலைநோக்கிக்கும் பெருந்துணையாகிறது. டெய்லரின் அட்டவணை போக்சனுக்கு எவ்வாறு உதவியதோ, அவ்வாறே கையாவின் அட்டவணை இன்றைய ஆய்வாளர்க்கு உதவுகிறது. லடாக்கின் ஹான்லே என்னும் இடத்தில், கடல்மட்டத்திற்கு மேல் 4,500 மீட்டர் உயரத்தில், நம் நாட்டுத் தொலைநோக்கிகள் பூமியருகே வரும் சிறுகோள்களையும் இவ்வாறு அளந்து வருகின்றன.

முறைகள் மாறினும் தேவை மாறவில்லை. கடிகாரத்தின் செம்மையும் அவ்வாறே. பூமிக்கு மிக அருகில் வரும் கோள் விநாடிக்கு ஒரு விகலைக்கு மேலும் ஓடக்கூடும். அப்போது நேரத்தில் ஒரு விநாடி பிழைத்தால், கையாவின் துல்லியமெல்லாம் வீணாகும்.

இந்த அளவைகளால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர் இருக்கலாம். 2004ஆம் ஆண்டு நிகழ்ந்ததை நோக்குக. அவ்வாண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் கிட் பீக் மலையிலிருந்து, பூமியின் பாதையருகே வரும் ஒரு சிறுகோளைக் கண்டனர். இரண்டு இரவுகள் மட்டுமே அளந்த நிலையில் அது மறைந்தது. டிசம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து மீண்டும் அகப்பட்டது. கணக்கிட்டுப் பார்த்தபோது, 2029 ஏப்ரலில் அது பூமியின் மேல் மோதக்கூடும் என்ற ஐயம் எழுந்தது. அளவுகள் சேரச் சேர அந்த வாய்ப்பு ஏறிக்கொண்டே சென்று 2.7 விழுக்காட்டைத் தொட்டது. தமிழகக் கரைகளை ஆழிப்பேரலை தாக்கி நாம் கண்ணீரில் மூழ்கியிருந்த அதே டிசம்பர் இறுதி நாட்களில், வானியலார் சிலர் இந்த மற்றொரு கவலையில் ஆழ்ந்திருந்தனர்.

அக்கவலையைத் தீர்த்தது ஒரு பழைய படம். அவ்வாண்டு மார்ச் மாதம் வேறொரு நோக்கத்துடன் எடுத்த படங்களில், அக்கோளின் மங்கிய சுவடு பதிந்திருந்ததைத் தேடிக் கண்டனர். எவரும் பார்க்காமல் விட்டிருந்த அச்சுவட்டை அளந்ததும், கோளின் பாதை சில மாத நீளம் கூடியது. 2029இல் மோதல் இல்லை என்பது தெளிவாயிற்று. அபோஃபிஸ் எனப் பெயர்பெற்ற அக்கோளைத் தொடர்ந்து அளந்து, 2021இல் ரேடார் முறையாலும் ஆராய்ந்து, இன்னும் நூறு ஆண்டுகளுக்கேனும் அதனால் பூமிக்கு இடரில்லை என்று அறிவித்துள்ளனர். 2024 டிசம்பரில் கண்ட மற்றொரு சிறுகோளும், 2032இல் மோதக்கூடும் என்ற அச்சத்தை எழுப்பி, அந்த வாய்ப்பு 3 விழுக்காட்டையும் கடந்தது. 2025 பிப்ரவரியில் மேலும் பல அளவுகள் சேர்ந்ததும் அந்த அச்சம் நீங்கியது. இத்தகைய வேளைகளில் மக்களுக்கு ‘அஞ்ச வேண்டா’ என்று கூறுவதற்கும், உண்மையில் இடர் வருமாயின் காலத்தே எச்சரிப்பதற்கும், விகலைக்கணக்கில் அளந்த எண்களை விட வேறு ஆதாரம் நமக்கு இல்லை.

அபோஃபிஸ் பூமியை மிக அண்மிக் கடக்கும் நேரம் உலகப் பொது நேரப்படி 2029 ஏப்ரல் 13ஆம் நாள் இரவு. இந்திய நேரப்படி 14ஆம் நாள் விடியலுக்குச் சில மணி முன்பு. அன்று சித்திரை முதல் நாள், தமிழ்ப் புத்தாண்டு. பூமியின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் தூரத்தில், நம் தொலைக்காட்சிச் செயற்கைக் கோள்கள் சுற்றும் பாதையை விடவும் அருகே அது கடந்து செல்லும். உலகின் சில பகுதிகளில் வெறுங்கண்ணுக்கும் ஒரு மங்கிய விண்மீனாக அது நகர்ந்து செல்வது தெரியும். அந்தப் புத்தாண்டின் பஞ்சாங்கம் வாக்கிய முறையில் எழுதப்பட்டதாயினும் திருக்கணித முறையில் எழுதப்பட்டதாயினும், அதில் இக்கோளுக்கு இடமிராது. ஆனால் எத்தனை மணிக்கு, வானத்தின் எந்தப் பாகையில், எந்தக் கலையில் அது நிற்கும் என்பதை இப்போதே கணித்து வைத்திருக்கிறார்கள். அந்த இரவிலும் உலகின் தொலைநோக்கிகள் அதை அளந்து, கணித்ததும் கண்டதும் ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்க்கும்.